பெயருக்கு என்ன பெயர்? வடகாகசஸ் மொழிகளில் வேர்ச்சொல் தேடும் வேலை

செச்சென் மொழியில் ‘பெயர்’ என்பதற்கு உள்ள சொல் “ட்ஸ்’எ”. காகசஸ் மலையடிவாரத்தை ஒட்டியே சில நூறு கிலோமீட்டர் மேற்கே போனால், அதிகே மொழி பேசுகிறவர்களும் பெயரை “ட்ஸ்’எ” என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு மொழிகளும் இன்று ரஷ்ய எழுத்தில் எழுதப்படுகின்றன. எழுதிப் பார்த்தால் கடைசி உயிரெழுத்தில் மட்டும்தான் வேறுபாடு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆனால் செச்சென் ஒரு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதிகே இன்னொன்றைச் சேர்ந்தது. அந்த இரண்டு குடும்பங்களும் மிகப் பழைய காலத்தில் ஒன்றாக இருந்தனவா என்பது ஏறத்தாழ நூறாண்டாக நடக்கும் வழக்கு. தீர்ப்பு இன்னும் வரவில்லை. இந்த “ட்ஸ்’எ” அதில் சாட்சிக் கூண்டில் ஏறத் தகுதியுள்ளதா என்று பார்ப்பதற்கு முன் வேறு சில சொற்களைக் கடந்து வர வேண்டும்.

எழுத்து பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. மேலே ஒற்றைக் குறி (’) வந்த இடத்தில் குரல்வளையை இறுக மூடிக்கொண்டு, வாய்க்குள் அடைபட்ட காற்றை மட்டும் தெறிக்க விட வேண்டும். சிறு கல் சுண்டியது போல ஒரு சத்தம் வரும். காகசஸில் எல்லாப் பக்கமும் கேட்கும் ஒலி இது. நம் எழுத்தில் இதற்கும் வழியில்லை, ‘பல்’லின் ப, ‘பஸ்’ஸின் ப என்ற வேறுபாட்டுக்கும் வழியில்லை. எண்பது மெய்யொலி வைத்திருந்த மொழியைப் பதினெட்டு மெய்யெழுத்துக்குள் அடைக்கிறோம் என்பதை வாசிப்பவர் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பத்தாம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர் அல் மசூதி இந்த மலைத்தொடரை ‘நாவுகளின் மலை’ என்றார். அவருக்கு வெகுகாலம் முன்பே ரோமானிய எழுத்தாளர் பிளினி, கருங்கடற்கரைத் துறைமுகமான தியோஸ்குரியாஸில் ரோமானியர்கள் வணிகம் பேச 130 மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டார்கள் என்று எழுதி வைத்தார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், வியப்பு உண்மையானது. மலைக்குத் தெற்கே ஜார்ஜிய மொழியும் அதன் உறவுகளும் தனிக் குடும்பம். அது இங்கே நம் கதையில் இல்லை. வடமேற்கில் அதிகே, கபார்தியன், அப்காசியன், அபாசா, உபிக் என்று ஐந்து மொழிகள். வடகிழக்கில் செச்சென், இங்குஷ், பட்ஸ்பி ஆகியவற்றோடு தாகெஸ்தான் பள்ளத்தாக்குகளின் அவார், லாக், தார்க்வா, லெஸ்கி, தபசரான், ட்செஸ், ஆர்ச்சி என முப்பது வரை. செச்சென் மொழியைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். ஆர்ச்சியைப் பேசுவோர் ஏறத்தாழ ஆயிரம் பேர், அவர்களுக்கு ஊர் ஒன்றே ஒன்று. வேர்ச்சொல் தேடுகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வேலை செய்யும் என்பதைச் சற்றுப் பிறகு பார்ப்போம்.

மூலச்சொல்லை மீட்டுருவாக்கும் முறை நமக்குப் புதிதல்ல. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. இங்கே கவனிக்க வேண்டியது ஒற்றுமை அல்ல, வேற்றுமை. சொல்லின் முதலில் தமிழ் ‘ப’ என்றால் கன்னடம் ‘ஹ’ என்கிறது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. தற்செயலுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. பழங்கன்னடக் கல்வெட்டுகளைத் திறந்தால் அந்த ‘ப’ அப்படியே இருக்கிறது, ஊகம் உறுதியாகிவிடுகிறது. காகசஸ் மொழிகளை ஆராய்கிறவர் பொறாமைப்படுவது இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான். அவரிடம் கல்வெட்டு இல்லை. இந்த மொழிகளில் பெரும்பாலானவை ஒழுங்காக எழுதப்படத் தொடங்கியது 19, 20ஆம் நூற்றாண்டுகளில்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சினாய் மலையில் உள்ள புனித கேத்தரின் மடத்தில் 1975இல் தீ விபத்து ஏற்பட்டது. அதன் பிறகு அங்கே மறைந்து கிடந்த தோல் சுவடிகள் வெளிப்பட்டன. மேலே ஜார்ஜிய எழுத்து. அதற்குக் கீழே சுரண்டி அழிக்கப்பட்ட இன்னோர் எழுத்து. அது ‘காகசஸ் அல்பேனிய’ எழுத்து என்று ஜார்ஜிய அறிஞர் சாசா அலெக்சிட்ஸே 1990களில் கண்டுபிடித்தார். (பால்கன் அல்பேனியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) யோவான் நற்செய்தியின் பகுதிகளும் வழிபாட்டு வாசகங்களும் அதில் இருந்தன. பெரும்பாலும் அஜர்பைஜானின் ஒரு சில ஊர்களில் இன்று பேசப்படும் உதி மொழியின் முன்னோர் மொழி அது. வடகிழக்குக் குடும்பத்துக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கும் அதிகப் பழமையுள்ள எழுத்துச் சான்று இப்படித்தான் கிடைத்தது. மற்றபடி உயிரோடு இருக்கும் மொழிகளை ஒன்றோடொன்று மோதவிட்டுத்தான் பழையதைக் கறக்க வேண்டும்.

அது எப்படி என்று ‘தண்ணீர்’, ‘மூன்று’ என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக் கிட்டத்தில் பார்க்கலாம். நாக்கை ‘ல’ சொல்ல வைப்பது போல வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல், மூச்சை மட்டும் இரு பக்கமும் சீற விட்டால் ஓர் ஒலி வருகிறது. ல, ள, ழ மூன்றையும் வைத்திருக்கும் நமக்கே இது கிடையாது. ‘ஹ்ல’ என்று எழுதிக்கொள்வோம். அவார் மொழியில் தண்ணீர் “ஹ்லிம்”, மூன்றுக்கான அடிச்சொல் “ஹ்லப்”. இரண்டுக்கும் அவார் எழுத்துமுறையில் முதலெழுத்து ஒன்றே. அவாரை மட்டும் வைத்திருந்தால், மூல மொழியிலும் ஒரே ஒலிதான் இருந்தது என்று முடித்துவிடுவோம்.

லாக் மொழிக்குப் போனால் தண்ணீர் “ஷ்ஷின்”, மூன்று “ஷன்”. முதலாவதில் ‘ஷ’ அழுத்தி, நீட்டி வருகிறது, இரண்டாவதில் சாதாரணமாக. தார்க்வாவில் தண்ணீர் “ஷின்”, மூன்று “ஹப்”. இங்கே இரண்டும் முற்றிலும் வேறு ஒலிகளாகிவிட்டன. ஆர்ச்சியில் தண்ணீர் “ஹ்ல்லன்”, மூன்று “ஹ்லிப்”. அழுத்தமான ‘ஹ்ல்ல’ ஒன்று, மெல்லிய ‘ஹ்ல’ ஒன்று. மூன்று மொழிகள், மூன்று விதமான வேறுபாடுகள். ஆனால் கோடு விழும் இடம் ஒன்று. அப்படியானால் மூல மொழியில் இரண்டு மருங்கொலிகள் இருந்திருக்க வேண்டும், ஒன்று வலிது, ஒன்று மெலிது. ஆர்ச்சி இரண்டையும் பத்திரப்படுத்தியது. லாக் இரண்டையும் ‘ஷ’வாக மாற்றினாலும் வலிமை வேறுபாட்டை விடவில்லை. தார்க்வா வலியதை ‘ஷ’ ஆக்கி, மெலியதைத் தொண்டைக்குள் ‘ஹ’வாகத் தள்ளிவிட்டது. இரண்டே சொற்களை நம்பி யாரும் இப்படி முடிவு கட்டுவதில்லை. இதே வரிசை வேறு பல சொற்களிலும் திரும்பி வர வேண்டும். ஆனால் வேலையின் சுவை இந்த இரண்டிலேயே தெரிந்துவிடுகிறது. ஆயிரம் பேர் பேசும் ஓர் ஊர்மொழி, லட்சக்கணக்கானோர் பேசும் மொழிகளின் தடுமாற்றத்தைத் தீர்த்துவைக்கிறது.

அடுத்த சிக்கல் சொல்லின் தலையில் ஒட்டியிருப்பது. தமிழில் வந்தான், வந்தாள் என்று பால் காட்டும் விகுதி சொல்லின் வாலில் வரும். வடகிழக்கு மொழிகளில் அது தலையில் வரும். அவாரில் சகோதரன் “வட்ஸ்”, சகோதரி “யட்ஸ்”. செச்செனில் “வஷ”, “யிஷ”. தார்க்வாவில் “உசி”, “ருசி”. ஆணுக்கு ‘வ’, பெண்ணுக்கு ‘ய’ அல்லது ‘ர’ என்ற குறிகளைக் கழற்றிவிட்டால், ‘உடன்பிறந்தவர்’ என்ற பொருளில் ஒரே ஒரு மெய்யொலிதான் மிச்சமிருக்கிறது. தம்பிக்கும் தங்கைக்கும் ஒரே வேர், சட்டைதான் வேறு.

இப்போது ‘இதயம்’ என்ற சொல்லை எடுப்போம். அவார் “ரக்’”, லெஸ்கி “ரிக்’”, லாக் “தக்’” (‘தர்ம’த்தின் த), ஆர்ச்சி “இக்’வ்”, தார்க்வா “உர்க்’இ”, செச்சென் “தொக்” (கடைசி ஒலி ‘அகம்’ என்பதன் நடுவில் வருவது போல மெலிந்தது). சகோதரன், சகோதரி பாடத்தைப் படித்துவிட்ட பிறகு, இந்தச் சொற்களின் முன்னால் நிற்கும் ர, த ஆகியவை உறைந்துபோன பழைய பால் குறிகளாக இருக்கலாம் என்று சந்தேகம் வருகிறது. ஆர்ச்சியில் அவை இல்லை என்பதும் பொருந்துகிறது. ஆனால் தார்க்வா நடுவில் ஒரு ‘ர்’ வைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது. அது வேரிலேயே இருந்த ‘ர்’ என்றால், அவாரில் முன்னால் இருப்பது முன்னொட்டா, இடம் பெயர்ந்த அதே ‘ர்’தானா? இரண்டுக்கும் இடமுண்டு. ஒலிகள் இடம் மாறும், நமக்கும் தெரியும். ‘விசிறி’யைச் ‘சிவிறி’ என்பதும் தமிழ்தான். ஆனால் தேவைப்படும்போதெல்லாம் இடமாற்றத்தைக் கூப்பிட்டால், எதையும் எதனோடும் இணைத்துவிடலாம். இந்தக் குற்றச்சாட்டு பின்னால் பெரிதாக வெடிக்கப் போகிறது.

செச்சென் “தொக்” மட்டும் ஏன் தெறிப்பொலியை இழந்தது? பதிலை ஜார்ஜியாவில் ஒரே ஊரில் மிஞ்சியிருக்கும் பட்ஸ்பி மொழி வைத்திருக்கிறது. அங்கே இதயம் “தொக்’”. தெறிப்பு அப்படியே இருக்கிறது. செச்சென், இங்குஷ் இரண்டும் உயிருக்குப் பின்னால் வரும் தெறிப்பொலியை மெலியவிட்டன, பட்ஸ்பி விடவில்லை. மறுபடியும் ஒரு சிறிய மொழி வந்து பஞ்சாயத்தை முடிக்கிறது.

இந்த வேலைக்கு மூலப்பொருள் சேர்த்துத் தந்தவர் ஓர் ராணுவ அதிகாரி என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை. காகசஸைப் பீரங்கியால் பிடித்துக்கொண்டிருந்த ரஷ்யப் படையைச் சேர்ந்த பீட்டர் உஸ்லர், 1860களில் தொடங்கி அப்காசியன், செச்சென், அவார், லாக், தார்க்வா, லெஸ்கி, தபசரான் என்று ஒன்றன்பின் ஒன்றாக இலக்கணம் எழுதினார். ஒப்பீட்டை அறிவியல் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் நிக்கொலாய் துருபெட்ஸ்கோய். ஒலியனியலின் தந்தைகளில் ஒருவராக அவரை மொழியியல் மாணவர்களுக்குத் தெரியும், காகசஸ் அவருடைய இளமைக் காதல். 1922இல் வடகாகசஸ் மருங்கொலிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1930இல் வியன்னாவிலிருந்து, கிழக்கையும் மேற்கையும் இணைத்து ஏறத்தாழ நூறு சொல்லொப்புமைகளை வெளியிட்டார். நூறுதான். கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டாமல் எண்ணி எண்ணி வைத்த நூறு. 1938இல், நாஜிகள் வியன்னாவுக்குள் வந்த சில மாதங்களில், இறந்துபோனார்.

அதன்பின் வேலை கிளைகளாகப் பிரிந்து ஆழமானது. தாகெஸ்தான் மொழிகளுக்கு எவ்கேனி பொகாரெவும் கிகினெய்ஷ்விலியும், அதிகே–கபார்தியன் வேர்களுக்கு ஆர்ட் கைபர்ஸும், மேற்குக் குடும்பம் முழுமைக்கும் 1996இல் வியாச்செஸ்லாவ் சிரிக்பாவும் அடித்தளம் போட்டார்கள். இவற்றில் கருத்து வேறுபாடுகள் உண்டு, அடிதடி இல்லை. அடிதடி வந்தது 1994இல். செர்கெய் நிக்கொலாயெவ், செர்கெய் ஸ்டாரஸ்டின் இருவரும் மாஸ்கோவில் வெளியிட்ட வடகாகசஸ் வேர்ச்சொல் அகராதி ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. இரு குடும்பங்களுக்கும் பொதுவான ஒரே மூல மொழி இருந்தது என்று வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 2000 வேர்களை, ஊகித்த வடிவம் என்று காட்டும் உடுக்குறி (*) போட்டு அடுக்கியது. துருபெட்ஸ்கோயின் நூறு எங்கே, இந்த இரண்டாயிரம் எங்கே!

அந்த அகராதியைக் குறை சொல்கிறவர்கள்கூட அதில் குவிந்திருக்கும் தரவை மதிக்கிறார்கள். சண்டை மூலவடிவங்களைப் பற்றியது. மேற்கு மொழிகளின் இயல்பைப் பார்த்தால் காரணம் புரியும். அங்கே வேர்கள் மிகச் சிறியவை, பெரும்பாலும் ஒரு மெய்யும் ஓர் உயிரும்தான். அதிகேயில் இதயம் “கு” (‘குண’த்தின் கு), கண் “நே”. வேர் குட்டையானதற்கு ஈடாக மெய்யொலிகள் பெருத்தன. பழைய உயிர்களின் உதட்டுக்குவிவும் அண்ணத் தன்மையும் மெய்களின் மேல் ஏறிக்கொண்டன என்று விளக்குகிறார்கள். உபிக் மொழியில் 80க்கும் மேற்பட்ட மெய்கள், உயிர்கள் இரண்டே. இப்படி ஓர் அசை நீளமுள்ள வேரைக் கிழக்கே முப்பது மொழிகளில் தேடினால், ஏதாவது ஒன்றில் பொருத்தம் கிடைக்காமல் போகாது. கிடைத்த பொருத்தம் உறவா, விபத்தா என்று சொல்வதுதான் கடினம். அகராதியின் மூல மொழியில் மெய்யொலிகள் அளவுக்கு மீறி இருக்கின்றன, ஒவ்வோர் ஒலி இயைபுக்கும் போதிய எடுத்துக்காட்டுகள் இல்லை, உயிர்களுக்கும் ஒலி இடமாற்றத்துக்கும் கடிவாளம் இல்லை என்பதே மொழியியலாளர் யோஹன்னா நிக்கல்ஸ் முதலானோரின் குற்றச்சாட்டு. ஸ்டாரஸ்டின் இதோடு நிற்கவில்லை. வடகாகசஸ் மொழிகளைச் சீனம், திபெத்தியம், சைபீரியாவின் யெனிசெய் மொழிகள் வரை இணைத்தார். அஸ்திவாரத்தில் ஈரம் காயாத வீட்டுக்கு மேல்மாடி எழுப்பியது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் அகராதியைத் தூக்கி எறிந்துவிட மனம் வருவதில்லை. ‘இரண்டு’ என்ற எண்ணைப் பாருங்கள். அதிகேயில் “த்’உ”. கிழக்கே லெஸ்கியில் “க்’வெ-த்”, அவாரில் “க்’இ-கோ”, ஆர்ச்சியில் “க்’வெ”. ‘த்’உ’வுக்கும் ‘க்’வெ’வுக்கும் என்ன உறவு என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வோம். நடுவில் உபிக் வருகிறது. உபிக்கில் இரண்டு “த்’க்’வ”. அதிகே முதல் பாதியை வைத்துக்கொண்டது, உபிக் முழுவதையும் வைத்திருந்தது. லெஸ்கியோடு ஒப்பிட வேண்டியது அதிகேயின் எச்சத்தை அல்ல, உபிக் காட்டும் முழு வடிவத்தை. தண்ணீரிலும் இதே கதை நடக்கிறது. அதிகே “ப்ஸ”, உபிக் “ப்ஸ்” (‘பஸ்’ஸின் ப), அப்காசியன் வேர் “ட்ஸ” மட்டும். முன்னால் இருந்த இதழொலி அப்காசியனில் உதிர்ந்துவிட்டது.

உபிக் மக்கள் 1864இல், காகசஸ் போரின் முடிவில், ஊரோடு பெயர்ந்து ஒட்டோமான் மண்ணுக்குப் போனவர்கள். அவர்களுடைய மொழி இன்று நமக்குத் தெரிவதற்கு, ஜார்ஜ் துமெசில், ஹான்ஸ் வோக்ட் போன்ற மொழியறிஞர்கள் துருக்கிக் கிராமங்களில் உட்கார்ந்து கேட்டு எழுதியதே காரணம். அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதரான தெவ்ஃபிக் எசென்ச் 1992 அக்டோபரில் காலமானார். அகராதி வெளிவர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

ஏமாற்றும் சொற்களையும் சொல்ல வேண்டும். உலகத்துக்கு அவாரில் “துனியல்”, செச்செனில் “துனெ”, லெஸ்கியில் “துன்யா”, அதிகேயில் “துனய்”. பொருத்தம் அப்பழுக்கில்லாதது, ஆனால் சரக்கு அரபியிலிருந்து இறங்கியது. அரபி நமக்குத் தெரிந்ததால் தப்பித்தோம். நாலாயிரம் ஆண்டுக்கு முன் மறைந்துபோன ஏதோ ஒரு மொழியிலிருந்து இறங்கியிருந்தால் பொதுவேர் என்று எழுதியிருப்போம். நிலவு இன்னும் பெரிய கள்ளன். அதிகேயில் “மஸெ”, அப்காசியனில் “அம்ஸ”, அவாரில் “மொட்ஸ்’”. கிழக்கும் மேற்கும் கைகோத்துவிட்டன என்று துள்ளத் தோன்றும். அதிகேயில் அதே சொல் மாதத்தையும் குறிக்கும், நம் திங்கள் போல. ஆனால் வடமொழியின் ‘மாஸ’த்துக்கும் அந்த இரண்டு பொருளும் உண்டே! ஓசையை மட்டும் நம்பினால் அதிகே வடமொழிக்கும் தங்கையாகிவிடும். கிழக்குப் பக்கம் லாக் “பர்ஸ்” (‘பஸ்’ஸின் ப), லெஸ்கி “வர்ஸ்” என்று ‘ர்’ போட்டு நிற்பவற்றுக்கும் கணக்குக் காட்டிய பிறகுதான் மேற்கே பார்க்க வேண்டும்.

அப்படியே ‘பெயரு’க்குத் திரும்புவோம். செச்செனில் பெயர் “ட்ஸ்’எ” என்றால், நெருப்பும் “ட்ஸ்’எ”தான். ஆனால் அவாரில் நெருப்பு “ட்ஸ்’அ”, பெயர் “ட்ஸ்’அர்”. லெஸ்கியில் நெருப்பு “ட்ஸ்’அய்”, பெயர் “த்’வர்”. ஆக, வேர்கள் இரண்டு. பெயருக்கான வேரில் ஒரு ‘ர்’ இருந்திருக்கிறது. லெஸ்கியின் ‘த்’வ’வைப் பார்த்தால், முதல் மெய்யோடு உதடு குவியும் தன்மையும் இருந்திருக்கிறது. கிழக்கின் பழைய வடிவம் ஏறத்தாழ ட்ஸ்’வர் என்பதாக இருக்கும். மேற்கே உபிக்கில் பெயர் “ப்’ட்ஸ்’அ”. அதாவது அதிகேயின் “ட்ஸ்’எ” தலையில் ஓர் இதழொலியை இழந்துவிட்டு நிற்கிறது.

தொடக்கத்தில் நாம் பார்த்து வியந்த ஒற்றுமை, இரண்டு பக்கமும் தேய்ந்த பிறகு தற்செயலாகச் சேர்ந்த ஒற்றுமை. “ட்ஸ்’எ”யும் “ட்ஸ்’எ”யும் ஒன்றா என்று கேட்பதில் இனிப் பயனில்லை. கிழக்கின் ட்ஸ்’வர், மேற்கின் ப்’ட்ஸ்’அ இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கேட்க வேண்டும். மேற்கே மெய்க்கு முன்னால் நிற்கும் ‘ப்’’தான் கிழக்கே மெய்க்குப் பின்னால் ‘வ’வாகக் கரைந்ததா? கிழக்கே உள்ள ‘ர்’ மேற்கே எங்கே போனது? வேறு பல சொற்களிலும் இதே இடத்தில் இதே ‘ப்’’, இதே ‘வ’ என்று வந்தால் வழக்கு ஒரு படி முன்னேறும். துருபெட்ஸ்கோய் அப்படி எண்ணி எண்ணித்தான் நூறில் நிறுத்தினார்.